முதலில் பூட்டப்படுவது பள்ளிக்கூடம்

ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு அமைப்புகள் கட்டி வாடகைக்கும் விலைக்கும் விட்ட பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளை ‘டான்ச்சி’ என்று அழைக்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்தது போன்ற நான்கைந்து மாடிக் கட்டடங்கள், பக்கச் சுவரில் பெரிய எண், இடையிடையே மரங்கள், ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள சின்னப் பூங்கா, ஒரு கடைவரிசை, நடுவில் பள்ளிக்கூடம். நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஏறத்தாழ இதே அமைப்புதான். இவற்றில் பல இன்று தளர்ந்துவிட்டன. ஆனாலும் வீடுகளில் ஆள் இருக்கிறது, பால்கனியில் துணி காய்கிறது, பேருந்து நேரத்துக்கு வந்து போகிறது. பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவில் மட்டும் சங்கிலி சுற்றியிருக்கிறது.

கைவிடப்பட்ட பள்ளி என்றாலே ஜப்பானியத் திகில் படங்கள் நினைவுக்கு வரும். இருண்ட நடைக்கூடம், தானாக ஒலிக்கும் பியானோ என்று அந்தக் கதைகளுக்குக் குறைவே இல்லை. உண்மையில் அந்தக் கட்டடம் வெறுமையானதற்குப் பின்னால் மர்மம் எதுவும் கிடையாது. குடியிருப்பைத் திட்டமிட்ட விதத்திலேயே அதற்கான காரணம் இருந்தது.

போரில் நகரங்கள் எரிந்து சாம்பலானபோது ஜப்பானில் சுமார் 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறையாக இருந்தன. ஊர்ப்புறத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள் தோக்கியோவிலும் ஒசாக்காவிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். இதைத் தீர்க்க 1955-ல் ஜப்பான் வீட்டு வசதிக் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஒசாக்காவுக்கு அருகிலுள்ள சக்காய் நகரில் அதன் முதல் குடியிருப்பு எழுந்தது. வீடு சிறியதுதான், இரண்டு அறைகளும் உணவு மேசை போடும் அளவுக்கு ஒரு சமையலறையும் சேர்ந்து 400 சதுர அடியை ஒட்டி இருக்கும். ஆனால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் தனிக் கதவு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி என்று அன்றைய ஜப்பானியக் குடும்பம் கண்டிராத வசதிகள் அதில் இருந்தன. குலுக்கலில் பெயர் விழுந்தவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்று ஊர் பேசியது. 1960-ல் பட்டத்து இளவரசர் அகிஹித்தோவும் இளவரசி மிச்சிக்கோவும் தோக்கியோவின் புறநகரிலுள்ள ஹிபாரிகாவோக்கா குடியிருப்பைப் பார்க்க வந்தார்கள். டான்ச்சி என்ற சொல்லுக்கே அப்போது புதுமையின் மணம் இருந்தது.

அந்தக் குலுக்கலில் சேர ஒரு குடும்பத்துக்கு நிலையான மாதச் சம்பளம் வேண்டும். வாடகையைத் தாங்கும் அளவுக்கு அது இருக்க வேண்டும். வீடோ சின்னக் குடும்பத்துக்கு மட்டுமே போதும். ஆகவே உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவர்கள்: முப்பதை ஒட்டிய கணவன், அவனைவிடச் சில வயது இளைய மனைவி, கையில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள். தாத்தா பாட்டிகள் ஊரிலேயே இருந்தார்கள். பின்னாளில் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது. பல்லாயிரம் பேர் வாழும் ஓர் ஊர், இரண்டே தலைமுறைகளோடு, ஓரிரு ஆண்டுகளுக்குள் நிரம்பிவிட்டது.

பள்ளியை நடுவில் வைத்த நகரம்

டான்ச்சிகளில் பள்ளிக்குக் கிடைத்த இடம் தற்செயலானது அன்று. 1929-ல் அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி ‘அண்டைப்புற அலகு’ என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தேவையான அளவு மக்களை ஓர் அலகாகக் கொள்ள வேண்டும். பெரிய சாலைகள் அந்த அலகின் ஓரமாகவே போக வேண்டும். எந்தக் குழந்தையும் வண்டிகள் விரையும் சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து போக வேண்டும் என்பது அதன் சாரம். ஊரின் அளவைக் குழந்தையின் நடையைக் கொண்டு நிர்ணயித்த இந்த எண்ணம், நகரமைப்பு வரலாற்றின் மிக நல்ல எண்ணங்களில் ஒன்று. ஜப்பானியத் திட்டமிடலாளர்கள் அதை மனமார ஏற்றுக்கொண்டார்கள்.

தோக்கியோவின் மேற்குக் குன்றுகளில் எழுந்த தாமா புதுநகரம் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 1965-ல் திட்டம் உறுதியானது. கிழக்கு மேற்காக சுமார் 14 கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ 2,900 ஹெக்டேர் பரப்பு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் என்று கணக்கிடப்பட்டது. குன்றுகளைச் சீவி, பள்ளங்களை நிரப்பி, மொத்த இடத்தையும் 21 குடியிருப்பு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு தொடக்கப் பள்ளிகளும் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஒதுக்கப்பட்டன. நடைபாதையும் வண்டிச் சாலையும் ஒன்றை ஒன்று தொடாதபடி பாலங்கள் போடப்பட்டன. 1971 மார்ச்சில் சுவா, நாகயாமா என்ற இரு பகுதிகளில் முதல் குடும்பங்கள் குடிவந்தன. ரயில் வர 1974 ஆனது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் அப்பாக்கள் பேருந்தில் தொலைவிலுள்ள நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ரயிலேறி வேலைக்குச் சென்றார்கள். குன்றுகளை இழந்த விலங்குகளின் பக்கமிருந்து இதே கதையைச் சொல்லும் ‘போம் போக்கோ’ என்ற அசைபடத்தை 1994-ல் கிப்லி நிறுவனம் வெளியிட்டது.

குடிவந்த வேகத்தில் பள்ளிகள் பிதுங்கின. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3,000 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் பாதி வீடுகளில் தொடக்கப் பள்ளி வயதில் ஒரு பிள்ளை இருந்தாலே 1,500 மாணவர்கள். வகுப்புக்கு 45 பேர் என்ற அன்றைய அளவில் 33 வகுப்பறைகளுக்கு மேல் வேண்டும். இத்தகைய பள்ளிகளை ஜப்பானியர் ‘மாமத் பள்ளி’ என்றார்கள். விளையாட்டுத் திடலில் தகரக் கூரை போட்ட தற்காலிக வகுப்பறைகள் முளைத்தன. அதுவும் போதாமல் பக்கத்திலேயே இரண்டாவது பள்ளி கட்டினார்கள்.

கட்டடத்தின் ஆயுள் அறுபது ஆண்டு. ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருப்பதோ ஆறே ஆண்டு. பல காலத்தில் பல தலைமுறை வந்து சேர்ந்த பழைய ஊரில் இந்த வேறுபாடு தெரியாது. ஒரு வீட்டுப் பிள்ளை படிப்பை முடிக்கும்போது அடுத்த வீட்டில் ஒன்று பள்ளியில் சேரும். டான்ச்சியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே சேர்ந்தார்கள், ஒன்றாகவே வெளியேறினார்கள். அலை வந்தது, போயிற்று. அதே 3,000 வீடுகளில் பத்துக்கு ஒரு வீட்டில் மட்டும் பிள்ளை இருக்கும் காலம் வந்தால் எஞ்சுவது 300 பேர். இரண்டு பள்ளிகள் அவர்களைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகள் ஏன் அங்கேயே குடும்பம் நடத்தவில்லை என்ற கேள்வி எழலாம். 400 சதுர அடி வீட்டில் மூன்று தலைமுறை இருக்க முடியாது. ஐந்து மாடிக்கும் லிஃப்ட் கிடையாது. கைக்குழந்தையையும் மளிகைப் பையையும் சுமந்து படியேற இளம் தம்பதிகள் விரும்பவில்லை. நாடு முழுக்கவே பிறப்பும் சரிந்தது. 1973-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 20 லட்சத்து 90 ஆயிரம். 2023-ல் 7 லட்சத்து 27 ஆயிரம். தொடக்கப் பள்ளி மாணவர்கள் 1981-ல் 1 கோடியே 19 லட்சம் பேர் இருந்தார்கள். 2023-ல் 60 லட்சம் பேர், அதாவது சரிபாதி. குடியிருப்புக்குள் வீசிய காற்றும் வெளியே வீசிய காற்றும் ஒரே திசையில் வீசின.

பெற்றோர் மட்டும் அதே வீட்டில் முதுமையடைந்தார்கள். சீபா மாகாணத்தின் மத்சுதோ நகரில் தோக்கிவாதைரா என்ற குடியிருப்பு இருக்கிறது. 1960-ல் திறக்கப்பட்ட அதில் சுமார் 4,800 வீடுகள். 2001-ல் அங்கே ஒரு வீட்டில் ஒரு முதியவரின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வாடகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். தனிமைச் சாவைக் குறிக்கும் ‘கொதோகுஷி’ என்ற சொல்லை நாடே உச்சரிக்க வைத்த நிகழ்வுகளில் அது ஒன்று. அந்தக் குடியிருப்பின் மக்களே முன்வந்து 2004-ல் தனிமைச் சாவுத் தடுப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். பள்ளி மூடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பிள்ளைகள் படிக்கும் காலத்தில் பெற்றோர் சங்கம், விளையாட்டு விழா, திருவிழா என்று ஒருவரை ஒருவர் அறிந்திருந்தவர்கள், அந்தப் பிள்ளைகள் போனபின் பேசிக்கொள்ள இடமில்லாமல் போனார்கள்.

பள்ளி மூடப்படும் விதம்

ஜப்பானியக் கல்வி விதிகளின்படி ஒரு தொடக்கப் பள்ளிக்கு 12 முதல் 18 வகுப்புகள் இருப்பது முறையான அளவு. வகுப்புகள் குறைந்து, ஓர் ஆண்டுக்கு ஒரே பிரிவு என்று ஆனதும் நகரக் கல்விக் குழு இணைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும். மலைக்கிராமத்தில் பள்ளியை மூடினால் பிள்ளைகள் பல கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். டான்ச்சியில் அந்தத் தடை இல்லை; அலை உச்சத்தில் இருந்தபோது கட்டிய இரண்டாம் பள்ளி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. பள்ளிகளை நெருக்கமாக வைத்த நல்ல எண்ணமே அவற்றை எளிதில் மூடவும் வழிவிட்டது.

இணைப்பை மிகுந்த நாசூக்கோடு செய்கிறார்கள். ஒரு பள்ளி மற்றொன்றை விழுங்கியதாகத் தோன்றக் கூடாது என்பதற்காகப் பல இடங்களில் இரண்டு பெயர்களையும் விட்டுவிட்டு மூன்றாவது பெயர் சூட்டுகிறார்கள். பள்ளிப்பாட்டும் புதிதாக எழுதப்படுகிறது. மார்ச் மாதத்தில் கல்வியாண்டு முடியும்போது மூடுவிழா நடக்கும். பழைய மாணவர்கள் நரைத்த தலையோடு வந்து சேர்வார்கள். எல்லோரும் கடைசி முறையாகப் பள்ளிப்பாட்டைப் பாடுவார்கள். தலைமையாசிரியர் பள்ளிக்கொடியைக் கல்விக் குழுவிடம் திருப்பிக் கொடுப்பார். ஒரு நினைவுக்கல் நடப்படும். மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளை 20 ஆண்டு காக்க வேண்டும் என்பது விதி. அவை இணைந்த பள்ளிக்கோ நகர அலுவலகத்துக்கோ போகும். அதன் பிறகு மின்சாரம் துண்டிக்கப்படுகிறது.

உள்ளே இருப்பவை

மூடிய பள்ளியைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது வெளிச்சுவரில் நின்றுபோன பெரிய கடிகாரத்தை. திடலைப் புல் மூடியிருக்கும். வேலியில் குட்சு என்ற கொடி ஏறிப் படர்ந்திருக்கும்; கோடையில் ஒரு நாளைக்கு ஓர் அடி வரை வளரக்கூடிய அந்தக் கொடி இரண்டே ஆண்டில் ஒரு கொட்டகையை மறைத்துவிடும். கட்டடத்தின் வாயிலுக்குள் நுழைந்ததும் காலணி அலமாரிகள் வரிசையாக நிற்கும். ஜப்பானியப் பள்ளியில் வெளிச் செருப்போடு யாரும் உள்ளே போவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சதுர அறை, அதில் உள்ளே போடும் வெள்ளைத் துணிக் காலணி. எத்தனை பேர் படித்தார்கள் என்பதை எந்தப் பதிவேடும் இல்லாமலே அந்த அறைகளை எண்ணிச் சொல்லிவிடலாம். 1,500 அறைகளில் கடைசி ஆண்டில் பயன்பட்டவை எவை என்பதும் தெரியும்: அவற்றில்தான் பெயர்ச்சீட்டின் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வகுப்பறைகள் எல்லாம் தெற்கு நோக்கியவை. வடக்கில் நீண்ட நடைக்கூடம். ஓர் அறை சுமார் 7 மீட்டருக்கு 9 மீட்டர். இந்த அளவு மெய்ஜி காலத்தில், 1890-களில் கல்வி அமைச்சு வகுத்தது. மரக் கட்டடம் கான்கிரீட்டாக மாறியபோதும் அளவு மாறவில்லை. கரும்பலகை எப்போதும் மேற்குச் சுவரில் இருக்கும். பலகையைப் பார்த்து உட்கார்ந்த பிள்ளைக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் விழும். வலக்கையால் எழுதும்போது எழுத்தின் மேல் நிழல் விழாது. பிள்ளையின் எழுத்தில் நிழல் விழக் கூடாது என்று நினைத்து நாடு முழுவதும் கட்டடங்களைத் திருப்பி வைத்த அக்கறையை, அந்த அறை வெறுமையான பிறகுதான் ஒருவர் தெளிவாகக் காண முடிகிறது. பலகையில் கடைசி நாளில் எழுதிய நன்றிகளும் பெயர்களும் பல பள்ளிகளில் அழிக்கப்படாமல் இருக்கின்றன.

நடைக்கூடத்தில் குழாய்களின் வரிசை பெரியவரின் இடுப்புக்கும் கீழே இருக்கும். குழாயோடு சேர்த்துக் கட்டிய ஆரஞ்சு நிற வலைப்பையில் சோப்பு தொங்குவது ஜப்பானியப் பள்ளியில் படித்த எவருக்கும் மறக்காது. துடைப்பங்கள் வைத்த நெட்டை அலமாரி ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு, ஏனென்றால் வகுப்பையும் கழிப்பறையையும் மாணவர்களே நாள்தோறும் சுத்தம் செய்தார்கள். மதிய உணவையும் அவர்களே சமையற்கூடத்திலிருந்து கொண்டுவந்து பரிமாறினார்கள். இசை அறையின் சுவரில் பாஹ், பேத்தோவன் படங்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஒலிபரப்பு அறையிலிருந்து வந்த மணியோசையோ லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டின் மெட்டு. போருக்குப் பிந்தைய ஜப்பானில் கிட்டத்தட்ட எல்லாப் பள்ளிகளும் அதையே எடுத்துக்கொண்டன. சாப்பிடும் நேரத்தையும் பிள்ளை திரும்பும் நேரத்தையும் குடியிருப்பு முழுவதும் அந்த ஓசையைக் கேட்டே அறிந்தது.

கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம். இவ்வளவு எளிய அரசுப் பள்ளிகளுக்கும் 25 மீட்டர் குளம் இருப்பதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1955 மே 11-ல் சேத்தோ உள்நாட்டுக் கடலில் ஷியூன் மாரு என்ற பயணிக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இறந்த 168 பேரில் 100 பேர் பள்ளிச் சுற்றுலா போன மாணவர்கள். பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிய வேண்டும் என்ற குரல் அதன் பிறகு வலுத்தது. பள்ளி தோறும் குளங்கள் கட்டப்பட்டன. கைவிடப்பட்ட பள்ளியில் அந்தக் குளம் பச்சைத் தண்ணீரும் தும்பிக் குஞ்சுகளுமாக நிற்கிறது. தீயணைப்புக்கு உதவும் என்று சில இடங்களில் மூடிய பிறகும் அதில் நீரை வைத்திருக்கிறார்கள்.

மாடிப்படியின் திருப்பத்தில் அந்தந்த ஆண்டு மாணவர்கள் பள்ளியை விட்டுப் போகும்போது செய்து வைத்த மரச் செதுக்குகளும் ஓட்டுச் சித்திரங்களும் இருக்கும். பெரும்பாலும் அவர்கள் வடித்தது தங்கள் குடியிருப்பையே: எண் போட்ட கட்டடங்கள், தண்ணீர்த் தொட்டி, மரங்கள். சொந்த ஊர் என்று சொல்ல வேறு எதுவும் இல்லாத முதல் தலைமுறை அது. அவர்களின் பெற்றோருக்கு ஊரில் வயலும் கோயிலும் இருந்தன. இவர்களுக்கு டான்ச்சியே ஊர். பள்ளி இடிக்கப்படும்போது முதலில் காப்பாற்ற வேண்டியவை இந்தச் சித்திரங்கள்தான். கட்டடத்தை மீண்டும் கட்டலாம், இவற்றை யாரும் மீண்டும் செய்ய முடியாது.

வேலி தாண்டுபவர்கள்

கைவிடப்பட்ட இடங்களைத் தேடிப்போய்ப் படமெடுக்கும் பழக்கம் ஜப்பானில் வேரூன்றியது. பாழிடம் என்று பொருள்படும் ‘ஹைக்யோ’ என்ற சொல்லாலேயே அந்த ஆர்வத்தைக் குறிக்கிறார்கள். இவர்களை ஈர்க்கும் இடங்களில் தலையாயது நாகசாக்கிக்கு அருகிலுள்ள ஹாஷிமா தீவு. வெறும் 6.3 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நிலக்கரித் தீவில் மித்சுபிஷி நிறுவனம் தன் தொழிலாளர்களுக்குக் கட்டிய அடுக்குமாடிகள் நெருக்கமாக நின்றன. 1916-ல் ஜப்பானின் முதல் கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்ததும் இங்கேதான். போர்க்காலத்தில் கொரியர்களும் சீனர்களும் இங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1960-ஐ ஒட்டி 5,200-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 1958-ல் கட்டிய ஏழு மாடிப் பள்ளி அவர்களுடைய பிள்ளைகளுக்கானது. 1974 ஜனவரியில் சுரங்கம் மூடப்பட்டது. ஏப்ரலுக்குள் தீவில் ஒருவரும் இல்லை. இன்று அந்தப் பள்ளியின் அடியிலிருந்த மண்ணைக் கடல் அரித்துப்போக, கட்டடம் தன் தூண்களின் மேல் நிற்கிறது. 2009 முதல் பயணிகளை விடுகிறார்கள், ஆனால் வகுத்த பாதையைத் தாண்ட அனுமதியில்லை.

ஹாஷிமாவில் ஊரும் பள்ளியும் ஒன்றாகவே முடிந்தன. டான்ச்சியில் பள்ளி முடிந்த பிறகும் ஊர் இருக்கிறது. அங்கே வேலி தாண்டி உள்ளே போகிறவரை எதிர் பால்கனியிலிருந்து பார்க்கும் மூதாட்டி, அந்தப் பள்ளியில் தன் மகனைச் சேர்த்தவராக இருக்கலாம். நகராட்சிக்குச் சொந்தமான கட்டடத்துக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படியும் குற்றம். ஆபத்தும் குறைவில்லை. பழைய பள்ளிகளின் கூரைகளில் தெளித்த கல்நார் 1987-ல் நாடளாவிய கவலையானது. அதை முழுதும் அகற்றாத கட்டடத்தில் உடைந்த பலகையின் தூசியே நுரையீரலுக்குக் கேடு. ஊறிய தரைப்பலகையும் துருவேறிய வெளிப்படிக்கட்டும் ஆளைத் தாங்காது. பார்க்க விரும்புகிறவர்கள் நகர அலுவலகம் ஏற்பாடு செய்யும் திறப்பு நாளில் போவதே சரி.

பூட்டுக்குப் பிறகு

2002 முதல் 2020 வரையிலான நிதியாண்டுகளில் ஜப்பானில் 8,580 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டதாகக் கல்வி அமைச்சின் கணக்கு சொல்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 450 பள்ளிகள். 2021 மே மாத நிலவரப்படி அவற்றில் 7,398 பள்ளிகளின் கட்டடங்கள் இருந்தன. 5,481 ஏதோ ஒரு வகையில் பயன்பாட்டில் இருந்தன. மீதி 1,917 பள்ளிகள் சும்மா கிடந்தன.

இடித்தால் செலவு. விட்டுவைத்தாலும் செலவு. மத்திய அரசின் மானியத்தில் கட்டிய பள்ளியை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் மானியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதி வெகுகாலம் நகராட்சிகளின் கையைக் கட்டிப்போட்டது. பின்னர் அதைத் தளர்த்தினார்கள். 1981-க்கு முன் கட்டியவை புதிய நிலநடுக்க விதிகளுக்கு ஏற்றவை அல்ல. வலுப்படுத்தாமல் ஆட்களை உள்ளே விட முடியாது. டான்ச்சிகளுக்கு இன்னொரு சிக்கல்: குடியிருப்புக்கென்றே வரையறுத்த மண்டலத்தில் கடையோ தொழிற்கூடமோ நடத்தத் தடை உண்டு. மேலும் நிலநடுக்கம் வந்தால் மக்கள் கூடும் தஞ்சம் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடமே. முதியோர் நிறைந்த குடியிருப்பில் நடந்து போகும் தூரத்தில் ஒரு தஞ்சம் இல்லாமல் போவதை மக்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

2010-ல் கல்வி அமைச்சு, மூடிய பள்ளிகளையும் அவற்றைக் கேட்பவர்களையும் இணைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கியோத்தோவில் ஒரு பழைய தொடக்கப் பள்ளி 2006 முதல் மங்கா அருங்காட்சியகமாக இருக்கிறது. கோச்சி மாகாணத்தின் முரோத்தோவில் 2018-ல் ஒரு பள்ளி மீன் காட்சியகமாயிற்று. அதன் நீச்சல் குளத்தில் இப்போது சுறாக்களும் கடலாமைகளும் நீந்துகின்றன. டான்ச்சிப் பள்ளிகளுக்கு இவ்வளவு பகட்டான மறுவாழ்வு அமைவது அரிது. அவற்றில் பெரும்பாலும் முதியோர் பகல் பராமரிப்பு, தொண்டு அமைப்புகளின் அறைகள், சிறுவர் பந்தாட்டம் போன்றவையே நடக்கின்றன. தாமா நகரின் தலைமை நூலகம் மூடிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் இயங்கி, 2023-ல் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. பகட்டில்லாத இந்தப் பயன்பாடுகளே குடியிருப்புக்கு அதிகம் உதவுகின்றன. பக்கத்து வீட்டாரைப் பார்க்க அங்கே ஒரு காரணம் கிடைக்கிறது.

சில இடங்களில் குடியிருப்பே மாறத் தொடங்கியிருக்கிறது. தாமாவின் சுவா பகுதியில், முதல் காலத்தில் எழுந்த 640 வீடுகளை இடித்து 2013-ல் 1,249 வீடுகளாகக் கட்டினார்கள். லிஃப்ட் உள்ள அந்த வீடுகளுக்கு இளம் குடும்பங்கள் வந்தன. தோக்கியோவின் தகாஷிமாதைராவில், ஒரே பகுதியில் 8,000-க்கு மேல் வாடகை வீடுகள் உள்ள பிரமாண்டமான டான்ச்சியில், மூடிய தொடக்கப் பள்ளியின் மனையை மையமாக வைத்தே மறுசீரமைப்புத் திட்டம் வகுக்கப்படுகிறது. வீட்டை இடிக்கும்போது ஆளை எங்கே குடிவைப்பது என்பதே எல்லாக் குடியிருப்புகளின் சிக்கல். நடுவில் வெறுமையாக இருக்கும் பள்ளித் திடல் அதற்கு விடை தருகிறது: முதலில் அங்கே புது வீடு கட்டி, பழைய வீட்டாரை அதற்கு மாற்றி, பிறகு பழையதைத் தொடலாம்.

தோக்கியோவுக்கு வடக்கே கவாகுச்சி நகரிலுள்ள ஷிபாசோனோ குடியிருப்பில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1978-ல் திறந்த அந்த 2,454 வீடுகளில் இன்று ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டினர், அவர்களில் பெரும்பாலோர் சீனர். ஜப்பானிய முதியவர்களும் சீன இளம் பெற்றோரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். அதே கவாகுச்சி நகரில் 2019-ல் ஒரு மாலைநேர நடுநிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. இளமையில் படிப்பை முடிக்க முடியாமல் போனவர்களும் பிற நாடுகளிலிருந்து வந்தவர்களும் வேலை முடிந்து அங்கே போகிறார்கள். முதல் ஆண்டு மாணவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டினர்.

புதுக் குடியிருப்பு எங்கே கட்டினாலும் திட்டமிடுகிறவர்கள் டான்ச்சியின் பள்ளிக்கூடத்தை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. வீடுகளை ஒரே அளவில் கட்டாமல், எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் நிரப்பாமல், பள்ளியைப் பிறகு மருத்துவமனையாகவோ நூலகமாகவோ மாற்ற இடம்விட்டுக் கட்டுங்கள் என்பதே அங்கே நாற்பது ஆண்டு வாழ்ந்து முதியவர்களானவர்கள் கேட்பது.